மெதுவாகப் போகவேண்டிய துடிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதைவிட எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதே சரி. உடையவர்களிடம் நான் கேட்கவில்லை.

பேருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவும், அவளைவிட ஒரு தலை உயரமான மகனும் சாலையைக் கடந்து வந்தார்கள். இன்னும் நாலு எட்டு எட்டிவைத்தால் அவன் படியில் கால் வைத்துவிடலாம். உடம்பை முன்னால் சாய்த்தும்விட்டான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஓடாத."

பேருந்து போய்விட்டது. தாடி வைத்த, கழுத்தில் அலுவலக அட்டை தொங்கிய முழு ஆள் அவன். கோபப்படவில்லை. ஒரு பெருமூச்சுகூட இல்லை. கையை அவளிடமே விட்டுவிட்டு அடுத்த பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி நின்றான்.

அதே வாரம் செய்தித்தாளின் உள்பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி. இளம் வயதில் மூச்சிரைக்க ஓடியாடுகிறவர்களின் ரத்தக்குழாய்கள் நெகிழ்வாக இருக்கின்றனவாம். உட்கார்ந்தே கிடப்பவர்களுக்கு அவை சீக்கிரம் விறைக்கத் தொடங்குகின்றனவாம். வியாதி என்று பெயர் வைக்க முடியாத காலத்திலேயே இது ஆரம்பித்துவிடுமாம். நல்ல செய்திதான், ஆனால் அதில் ஆளே இல்லை. சதவீதங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

நான் செய்ததெல்லாம் அந்த மகனை இந்தச் செய்திக்குள் கொண்டுபோய் விட்டதுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அந்த இளைஞனின் இதயம்" (விட்டுவிட்டேன். இதயம் என்ற சொல்லைப் பார்த்ததும் வாசகர் காதல் பக்கம் போய்விடுகிறார். அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வர இரண்டு பத்தி செலவாகிறது.)

இரண்டாவது தொடக்கம்: "அப்பா செத்துப்போன அன்று காலையிலிருந்து மழை" (மழையெல்லாம் இல்லை. நல்ல வெயில். கை பழக்கத்தில் எழுதிவிட்டது.)

மூன்றாவதாக, ஒரு வேலையிலிருந்து தொடங்கினேன். அது நிலைத்து நின்றது.

அந்த மகனுக்கு ஓர் அக்கா. அவளுக்கு வேலை, அடுத்தவர்களின் ரத்தக்குழாயை அளப்பது. ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் டெக்னீஷியன். வருகிறவரைப் படுக்கவைத்துத் தொடையில் ஒரு பட்டை கட்டுவாள். பேனா போன்ற கருவியைக் கழுத்தில், துடிப்பு தட்டுப்படும் இடத்தில் வைத்து அழுத்துவாள். கழுத்தில் தட்டிய துடிப்பு தொடைக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பதைத் திரை காட்டும். குழாய் இளக்கமாக இருந்தால் துடிப்பு நிதானமாக வந்து சேரும். விறைத்திருந்தால் பாய்ந்து வரும். அந்த அறையில் மட்டும் மெதுவாகப் போவதுதான் கெட்டிக்காரத்தனம்.

பிறகு பக்கத்து அறையில், முகமூடி மாட்டி ட்ரெட்மில்லில் ஓடவைப்பாள். உடம்பு எவ்வளவு காற்றை உள்வாங்கிச் செலவழிக்கிறது என்று பார்ப்பதற்கு.

ஆராய்ச்சிக்கு வேண்டியவர்கள் நோய்நொடியில்லாத இளவட்டங்கள். ஒருநாள் வருவதாகச் சொன்னவன் வரவில்லை. ஆராய்ச்சியை நடத்துகிற பேராசிரியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அக்கா தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், இன்னிக்கு உனக்கு லீவுதான? லேபுக்கு வா. ஒரு மெஷின்ல ஓடணும்."

"ஓடணுமா? அம்மாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவனுக்கு வயது இருபத்தெட்டு.

3

வந்தான். ஒல்லி ஆள். தொப்பை கிடையாது. சிகரெட் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் குதிரை என்று பெயர்; சின்ன வகுப்புகளில் அவனை ஓட்டத்தில் ஜெயிக்க ஆள் இல்லை. இப்போது வேலை, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இணையம் வரவில்லை என்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். மெலிந்த உடம்பு என்பதால் யாரும் அவனை ஒன்றும் சொன்னதில்லை.

அக்கா கழுத்தில் கருவியை வைத்தாள். திரையைப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"என்ன, வேகமா வருதா?" என்றான் படுத்துக்கொண்டே.

"ம்."

"அப்ப நான்தான் ஃபர்ஸ்ட்டா?"

அவள் பட்டையை அவிழ்த்தாள்.

ட்ரெட்மில்லில் இன்னும் மோசம். சரிவு கொஞ்சம் ஏறியதுமே கையைத் தூக்கிவிட்டான். முந்தின நாள் வந்த ஒரு பூக்கடைப் பெண், உடம்பில் இவனைப்போல் இரண்டு பேர், இவன் ஓடியதைவிட இரண்டு பங்கு ஓடிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கியிருந்தாள். இவன் முகமூடியைக் கழற்றி, சுவரில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கினான்.

"மெஷின்ல ஏதோ கோளாறு," என்றான்.

மெஷினில் கோளாறு இல்லை. அக்கா அன்று காலையில்தான் சரிபார்த்திருந்தாள்.

4

அக்கா பேராசிரியையிடம் போனாள்.

(பேராசிரியையை முதலில் ஈரமில்லாத மனுஷியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லி தேவை என்று நினைத்தேன்போல. தேவைப்படவில்லை.)

"வியாதி இல்லம்மா," என்றார் அவர். "எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழதான் இருக்கு. வயசுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான். இந்த மாதிரி அளவையெல்லாம் நாம தனித்தனியாச் சொல்றதில்லன்னு உனக்கே தெரியும்."

"தம்பி மேடம்."

"லேபுக்குள்ள எல்லாரும் நம்பர்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளிய போயிட்டா அவன் உனக்குத் தம்பி. தம்பிய ஓடச் சொல்றதுக்கு எந்த கமிட்டியோட அனுமதியும் வேண்டாம்."

சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது.

5

அப்பா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துக் கொடுப்பவராக இருந்தார். நாள் முழுக்க முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருப்பார். நாற்பத்திரண்டு வயதில் ஒருநாள் காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடினார். பிடித்தும்விட்டார். ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். தூங்குகிறார் என்று நினைத்து நடத்துநர் தோளைத் தட்டினார்.

மருத்துவர் அம்மாவிடம் பொறுமையாகத்தான் சொன்னார். குழாய் பல வருஷங்களாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது, ஓடியது ஒரு சாக்கு, அவ்வளவுதான். அம்மா தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது இரண்டே சொல்: ஓடினார், செத்தார்.

மகனுக்கு அப்போது பதினொரு வயது. அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போய், "என் பையனுக்கு நெஞ்சு வீக்கு சார்," என்று விளையாட்டு ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தாள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. அன்று முதல் குதிரை மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களின் பைகளுக்குக் காவல் இருந்தான். வீட்டில் மாடிப்படி என்றால் "மெதுவா", வாசலில் மணி அடித்தால் "ஓடாத". மகளையும் சொன்னாள். ஆனால் மகள் அப்போதே கல்லூரி விடுதிக்குப் போய்விட்டவள். தப்பித்துக்கொண்டாள்.

இந்த அம்மா எனக்குச் சுலபத்தில் பிடிபடவில்லை. முதல் பிரதியில் சர்வாதிகாரியாக எழுதினேன், பொய்யாக இருந்தது. இரண்டாவதில் தியாகி ஆக்கினேன். அது அதைவிடப் பொய். அப்புறம் அவளை வேலைக்கு அனுப்பினேன். ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, பயந்து வருகிறவர்களிடம் "ஒண்ணும் வலிக்காது" என்று சொல்கிற வேலை. சாயங்காலம் வந்து சமையல், துவைக்கிற துணி, தண்ணீர் வருகிற நேரம். அடுப்பில் பால் பொங்கினால் ஓடுவாள். மகன் படியில் தடதடவென்று இறங்கினால், "ஓடாதடா" என்று சொல்வதற்காக உள்ளறையிலிருந்து ஓடி வருவாள். அந்த வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். அதை எழுதிய பிறகுதான் அவள் என்னோடு பேச ஆரம்பித்தாள்.

6

அக்கா தம்பியிடம் மொட்டைமாடியில் வைத்துச் சொன்னாள். துணி காயப்போடுகிற சாக்கில் மேலே கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"செத்துருவனா?" என்று சிரித்தான்.

"லூசு மாதிரிப் பேசாத. வியாதி இல்ல. உக்காந்தே இருக்க, குழாய் விறைக்க ஆரம்பிச்சிருக்கு. இந்த வயசுல ஓட ஆரம்பிச்சா இளகறதுக்கு வாய்ப்பு இருக்கு."

அவன் ஒரு துணிக்கவ்வியை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப இது அம்மா பண்ணதுதான?"

"அப்படிச் சொல்லாத."

"வேற எப்படிச் சொல்றது? பதினேழு வருஷமா என்னை ஒரு ஓரமா உக்கார வெச்சிருக்காங்க. கீழ போய்க் கேக்கறேன்."

"கேட்டு? கேட்டு என்ன பண்ணுவ? அவங்க என்ன பதில் சொல்லணும் உனக்கு?"

அவன் "அவங்க" என்று ஆரம்பித்து

(இந்த வாக்கியத்தை அவனும் முடிக்கவில்லை, நானும் முடிக்கவில்லை. எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அவனை ஒரு நாடகத்துக்காரன் ஆக்கியது.)

கவ்வியைக் கொடியில் மாட்டினான்.

"சரி, கேக்கல. ஆனா ஓடுவேன்."

"ஓடு. அம்மாவுக்குத் தெரியாம ஓடு."

7

ஓடினான். ஷிஃப்ட் மாறிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு விடிந்ததும் கிளம்பினான். காலணியை அக்காவின் ஆராய்ச்சிக் கூட அலமாரியில் வைத்திருந்தான். முதல் நாள் அந்த மருத்துவக் கல்லூரி மைதானத்தை ஒரு சுற்றுகூட முடிக்காமல் வாந்தி எடுத்தான். இரண்டாவது வாரம், நடந்து ஓடி, ஓடி நடந்து, ஒருவழியாக ஒப்பேற்றினான். அதற்கு அப்புறம் நடந்ததை அவனால் அக்காவுக்குச் சரியாக விளக்க முடியவில்லை. "கால் தானாப் போகுதுக்கா" என்று மட்டும் சொன்னான்.

ஒரு தாயிடம் இதையெல்லாம் மறைக்க முடியாது. சட்டையில் வியர்வை. சாப்பாட்டில் கூடுதலாக ஒரு கை. குளிக்கும்போது பாட்டு. போகிற போக்கில் கண்ணாடி பார்க்கிறான். அம்மா கணக்குப் போட்டாள். விடையும் வந்தது.

"அவனுக்கு யாரோ இருக்காடி," என்று மகளிடம் சொன்னாள்.

அக்காவுக்குச் சட்டென்று ஒரு வழி திறந்தமாதிரி இருந்தது.

"இருக்கலாம்மா."

"உனக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. என்ன வேலை பண்றா?"

"டீச்சர்."

"என்ன டீச்சர்?"

ஒரு பொய்யை அடுத்த பொய்யோடு பொருத்துவதற்கு நேரம் வேண்டும். அது கிடைக்காதபோது உண்மை எட்டிப்பார்த்துவிடுகிறது. "விளையாட்டு டீச்சர்," என்று சொல்லிவிட்டாள்.

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஐயையோ. ஓட விடுவாளே!"

8

இந்த இடத்தில் வாசகர் சிரிக்கவேண்டும் என்று திட்டமிட்டிருந்தேன். அடுத்ததாக நடந்ததை எழுதும்போது என் திட்டம் கையைவிட்டுப் போயிற்று.

அம்மா அந்தப் பெண்ணை ஏற்றுக்கொண்டுவிட்டாள். முதலில் பயந்தாள், பிறகு பழகினாள். டீச்சர் என்றால் காலாகாலத்தில் வீட்டுக்கு வந்துவிடுவாள், நல்லதுதான். உடம்பு நன்றாக இருக்கும், அதுவும் நல்லதுதான். தெருவில் உயரமாக ஒரு பெண் போனால் "இவ்வளவு உயரம் இருப்பாளா?" என்று மகளைக் கேட்டாள். ஒருநாள் கடையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு கைப்பை வாங்கி வந்து மகளிடம் நீட்டினாள்.

"இத அவகிட்ட கொடுத்துரு. நான் கொடுத்தேன்னு சொல்லாத. அவனே கொடுத்த மாதிரி இருக்கட்டும்."

அக்கா பையை வாங்கவில்லை.

"அம்மா, பொண்ணு யாரும் இல்ல."

"சண்டையா?"

"இல்லம்மா. மொதல்லேர்ந்தே இல்ல. அவன் கிரவுண்டுக்குப் போறான். ஓடறான்."

அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"யாரு ஓடச் சொன்னது?"

"நான்தான்."

"உனக்கு உங்கப்பா ஞாபகமே இல்லையாடி?"

"இருக்கும்மா. அதனாலதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கழுத்துக்கும் தொடைக்கும் நடுவில் துடிப்பு ஓடுவது, மெதுவாகப் போகவேண்டியது பாய்ந்து போனது, வியாதி இல்லை, விறைப்பு மட்டும்தான், ஓடினால் இளகலாம். உட்கார்ந்தே இருந்தால் இப்படி ஆகும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அந்தச் சொல்லுக்குப் பிறகு நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியிருக்கக்கூடாது. அம்மா அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டாள்.

"நான்தான உக்கார வெச்சேன்," என்றாள்.

மகள் பச்சைப் பையைப் பார்த்தாள்.

"சொல்லு. என்னாலதானா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று பதில் இருந்தது. "இல்லவே இல்லம்மா" என்பது ஒன்று. அம்மா வரவேற்பறையில் சொல்கிற வகையான பதில், அவளே நம்பமாட்டாள். "ஆமாம்மா" என்பது இன்னொன்று. அதை எழுதிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துபோய்விட்டேன். திரும்பி வந்து அந்த வரியை அடித்துவிட்டேன்.

அக்கா சொன்னது மூன்றாவது. இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இத்தனை காலம் அந்த வேலையைப் பார்த்தவளுக்கு வேறு எதுவும் வாயில் வராது.

"தெரியாதும்மா. நாங்க கூட்டத்தைத்தான் பாக்கறோம். நிறைய பேரைச் சேத்துப் பாத்தா, ஓடறவங்களுக்கு நல்லா இருக்கு, ஓடாதவங்களுக்கு இல்லன்னு தெரியுது. ஒருத்தனை மட்டும் தனியா நிக்க வெச்சு, உனக்கு இது எதனால வந்துச்சுன்னு கேட்டா, யாராலயும் சொல்ல முடியாது. அப்பாகிட்டேர்ந்து வந்திருக்கலாம். அவன் வேலையால வந்திருக்கலாம்."

"நானாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்மா."

இந்தக் கதையில் உள்ளதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். யாருக்கும் அது ஆறுதலாக இல்லை. அம்மா அழவில்லை. பையைக் கொண்டுபோய் அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எந்த கிரவுண்டு?" என்றாள்.

9

இதற்குப் பல முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அம்மா மைதானத்துக்குப் போய்க் கத்துகிறாள், மகன் ஓட்டத்தை விட்டுவிடுகிறான். (எழுதும்போதே எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.)

அம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மகனோடு ஒரு சுற்று ஓடுகிறாள். (ஊட்டச்சத்து மாவு விளம்பரம்.)

மகன் ஓடும்போதே சுருண்டு விழுகிறான். (மலிவு. அவனைக் கொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. அம்மாவின் பயத்துக்குக் கைதட்டல் வாங்கித் தருவதைத் தவிர.)

சில மாதம் கழித்து அக்கா மறுபடி அளக்கிறாள், எண் இறங்கியிருக்கிறது. (அளந்தாள் என்பது உண்மை. என்ன வந்தது என்று எனக்குத் தெரியும். ஒற்றை ஆளின் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவளே சொல்லிவிட்ட பிறகு, நான் எப்படி அதை எழுதி உங்களை நம்பவைப்பது?)

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் அம்மாவும் அக்காவும் மைதானத்துக்குப் போனார்கள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செம்மண் பாதை. நடக்கிறவர்கள் சிலர், நாயோடு வந்தவர் ஒருவர். அக்கா போனில் அவனுக்கு முன்கூட்டியே சொல்ல நினைத்தாள். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

அவன் வளைவில் திரும்பி வந்தான். நனைந்த பனியன், திறந்த வாய், முழங்கை உடம்போடு ஒட்டி. பெஞ்சைப் பார்த்துவிட்டான். கால் தடுமாறியது. திருட்டு மாம்பழத்தோடு மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றுவிட்டான். மூச்சு வாங்குகிறது.

அம்மா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கடைசியாக அவன் இப்படி நின்றதை அவள் பார்த்தது அவன் அரைக்கால் சட்டை போட்டிருந்தபோது. வாயைத் திறந்தாள். பழைய சொல் நாக்குவரை வந்தது அக்காவுக்குத் தெரிந்தது.

"மெதுவா ஓடு," என்றாள் அம்மா.

அவன் தலையாட்டினான். போனான். மெதுவாக எல்லாம் ஓடவில்லை.

மைதானத்தின் மறுகோடியில் ஒரு தண்ணீர்த்தொட்டி இருக்கிறது. பாதை அதன் பின்பக்கமாகப் போகிறது. ஓடுகிறவர்கள் அங்கே கொஞ்ச நேரம் மறைந்துபோவார்கள். அவன் தொட்டிக்குப் பின்னால் போனதும் அம்மா எழுந்து நின்றாள். மறுபக்கத்தில் அவன் தலை தெரிந்ததும் உட்கார்ந்தாள். அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கு அடுத்த சுற்றிலும். அக்கா பொறுத்துப் பார்த்தாள்.

"வந்துருவான்மா. உக்காரு."

"வருவான்னு எனக்குத் தெரியாதா? கால் மரத்துப்போச்சு, அதான் நிக்கறேன்."

இந்த வரியோடு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். சிரித்துக்கொண்டே மூடிவிடலாம், உங்களுக்கும் சௌகரியம். ஆனால் அவன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். இதோ, இன்னொரு சுற்று. தொட்டிக்குப் பின்னால் போகிறான். போய்விட்டான். அம்மா இரண்டு உள்ளங்கையையும் பெஞ்சில் ஊன்றியிருக்கிறாள். எழுந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது, உட்கார்ந்திருக்கிறாள் என்றும் சொல்ல முடியாது. அக்கா தொட்டியைப் பார்க்காமல் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவை எழுப்பியும் எழுதினேன், உட்காரவைத்தும் எழுதினேன். இரண்டையும் கிழித்துவிட்டேன். பதினேழு வருஷத்துப் பயத்தை எந்தச் சுற்றில் இறக்கிவைக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்ல நான் யார்?

நான் கிளம்புகிறேன். பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடமிருக்கிறது. அவன் மறுபக்கம் வருகிறவரைக்கும் நீங்கள் இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்.